பிராந்திக்கு ஒரு நியாயம், திராட்சைத் தோட்டத்துக்கு ஒரு நியாயமா?



இது நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது உட்கார்ந்து படியுங்கள். பாதி படித்துவிட்டுக் கருத்து எழுதுகிறவர்களுக்கு வகுப்பில் கொடுத்த அதே தண்டனைதான்: முதலிலிருந்து இன்னொரு முறை படிக்க வேண்டும்.

போன வாரம் என் பக்கத்தில் நடந்த சண்டையைப் பலர் பார்த்திருப்பீர்கள். மெல்போர்னில் இருக்கும் என் அண்ணன் மகள் மார்னிங்டன் தீபகற்பத்தில் ஒரு குடும்பத்தார் நடத்தும் சின்னத் திராட்சைத் தோட்டத்துக்குப் போய்வந்து படங்கள் அனுப்பியிருந்தாள். அப்பா கொடிக்குக் கவாத்து செய்கிறார், அம்மா கணக்கு பார்க்கிறார், மகன் பீப்பாய் அறையில் நிற்கிறான். தோட்டத்து வாசலிலேயே மேசை போட்டு ஒயின் விற்கிறார்கள். நான் அதைப் பகிர்ந்தேன். நம் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் "அருமை", "சூப்பர்", "கொடுத்து வைத்தவர்கள்" என்று எழுதினீர்கள்.

அதன் கீழே என் பழைய மாணவன் ஒருவன் எழுதினான். உத்தமபாளையம் பக்கம் நான் முதன்முதலில் வேலை பார்த்த ஒன்றியப் பள்ளியில் படித்தவன். இப்போது அவனுக்கு இரண்டு ஏக்கர் பன்னீர் திராட்சை. "டீச்சர், பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் படிச்ச என் பையனும் நம்ம பழத்துல இதே மாதிரி செய்யணும்னு சொல்றான். ஆனா நம்ம ஊர்ல வழி இல்லையாம்" என்றான். அவ்வளவுதான். உடனே பாய்ந்தீர்கள். "சாராயம் காய்ச்சவா பிள்ளையைப் படிக்க வைத்தாய்?" என்று கேட்டது என் சொந்தத்திலேயே ஒருவர். "டீச்சர் பக்கத்தில் இதெல்லாம் பேசலாமா?" என்று இன்னொருவர்.

ஆஸ்திரேலியாக்காரன் செய்தால் குடும்பத் தொழில், கம்பத்துக்காரன் செய்தால் சாராயம். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். இந்தப் பழமொழியை நான் எத்தனை வருடம் கரும்பலகையில் எழுதிப் போட்டிருப்பேன்? ஆகவே பதில் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் மதுவைத் தொட்டவள் இல்லை. குடி நல்லது என்று இந்தப் பதிவில் ஒரு வரிகூட வராது. எந்த அளவு குடித்தாலும் அது உடம்புக்குப் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் சொன்னது. ஒயினுக்கும் அது பொருந்தும். ஒயின் இதயத்துக்கு நல்லது என்று யாராவது உங்கள் குழுவில் அனுப்பினால் நம்பாதீர்கள். குடியால் சிதைந்த வீட்டுப் பிள்ளைகளை 30 வருடத்துக்கு மேல் முதல் வரிசையில் உட்கார வைத்துப் பாடம் சொன்னவள் நான். காலையில் சாப்பிடாமல் வந்த பிள்ளையிடம் காரணம் கேட்டால், பாதி நாள் பதில் அப்பாவின் குவார்ட்டர் பாட்டிலில் போய் முடியும். இங்கே கோடம்பாக்கத்திலும் அப்படித்தான், அங்கே உத்தமபாளையத்திலும் அப்படித்தான்.

என் கேள்வி வேறு. ஒரு மாநிலம் மதுவை விற்பது என்று முடிவு செய்துவிட்டது. விற்கிறது. அந்த விற்பனையில் யாருக்கு இடம், யாருக்கு இடமில்லை என்பதைப் பற்றித்தான் நான் பேசுகிறேன்.

தமிழ்நாட்டில் மதுவிலக்கின் கதை உங்களுக்குத் தெரியும். 1937இல் ராஜாஜி சேலத்தில் தொடங்கினார். 1971இல் தளர்த்தினார்கள், பிறகு மூடினார்கள், 1981இல் மறுபடி திறந்தார்கள். 1983இல் டாஸ்மாக் வந்தது. மொத்த விற்பனை அதன் கைக்குப் போனது. 2003 நவம்பரில் சில்லறைக் கடைகளையும் அரசே எடுத்துக்கொண்டது. இன்று டாஸ்மாக் வழியாக அரசுக்கு வரும் வருமானம் வருடத்துக்கு 45,000 கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. இதை வைத்துக்கொண்டு ஒரு திராட்சை விவசாயியிடம் ஒழுக்கம் பேசுவதற்கு நமக்கு நாக்கு எப்படி வருகிறது?

அந்தக் கடையில் அதிகம் போவது பிராந்தி. பிராந்தி என்றால் என்ன? உலகம் முழுக்க, திராட்சை ஒயினைக் காய்ச்சி வடித்தால் வருவதுதான் பிராந்தி. நம் கடையில் விற்கும் பெரும்பாலான பிராந்தியின் அடிப்படை, சர்க்கரை ஆலையில் மிஞ்சும் மொலாசஸிலிருந்து எடுத்த எரிசாராயம். அதில் நிறமும் மணமும் சேர்த்துத் தண்ணீர் கலந்து பாட்டிலில் அடைக்கிறார்கள். லேபிளில் திராட்சைக் குலை படம் இருக்கும். உள்ளே பெயருக்குத்தான் திராட்சை. ஆக, திராட்சையின் பெயரைச் சொல்லி விற்கும் பானம் ஊர் ஊராகக் கிடைக்கும். ஆனால் உண்மையான திராட்சையைப் பயிரிடுகிறவன் அதன் சாற்றைப் புளிக்க வைத்தால் 1937ஆம் வருடத்து மதுவிலக்குச் சட்டத்தின்படி குற்றவாளி. இதில் எது ஒழுக்கம், எது கணக்கு என்று நீங்களே சொல்லுங்கள்.

இப்போது கம்பத்துக்கு வருவோம். சென்னையிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன்.

ஆற்காடு ரோட்டில் தள்ளுவண்டியில் குவித்து வைத்திருக்கும் கறுப்புத் திராட்சை இருக்கிறதே, விதை உள்ள, வாய்க்குள் போட்டால் ரோஜா மாதிரி ஒரு வாசம் வருகிற பழம், அதுதான் பன்னீர் திராட்சை. மஸ்கட் ஹாம்பர்க் என்பது அதன் உலகப் பெயர். 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்தார் என்று சொல்வார்கள். கம்பம், கூடலூர், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, நாராயணத்தேவன்பட்டி என்று மலையடிவாரம் நெடுக ஏறத்தாழ 2,000 ஏக்கரில் கல்தூண் நட்டு, கம்பிப் பந்தல் போட்டு வளர்க்கிறார்கள். பெரும்பாலும் சின்னச் சின்னக் குடும்பத் தோட்டங்கள். 1895இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் அந்தப் பள்ளத்தாக்கின் உயிர். பென்னிகுவிக் பெயரைச் சொல்லி இன்றும் அங்கே பொங்கல் வைக்கிறார்கள். 2023இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அப்போது இதே குழுவில் பெருமைப்பட்டுக் கைதட்டல் படம் போட்டவர்கள் நீங்கள்.

குறியீடு சுவரில் மாட்ட நன்றாக இருக்கும். பழத்தை அது காப்பாற்றாது. பன்னீர் திராட்சைக்குத் தோல் மெல்லியது. பறித்த இரண்டு மூன்று நாளில் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகவில்லை என்றால் உதிர ஆரம்பிக்கும். பழுக்கிற நேரத்தில் மழை பிடித்தால் வெடிக்கும். அடிச்சாம்பல் நோய் வந்தால் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். தை பிறந்ததும் மகாராஷ்டிரத்து விதையில்லாத் திராட்சை லாரி லாரியாக வரும். பன்னீர் விலை விழும். வியாபாரி ஒரு நாள் வரவில்லை என்றால் விவசாயி காத்திருக்க முடியாது, ஏனென்றால் பழம் காத்திருக்காது. என் மாணவன் சொல்கிறான்: "டீச்சர், நான் விலை பேசுறதே இல்ல. அவங்க சொல்றதுதான் விலை."

இதுதான் விஷயத்தின் மையம். நெல்லை மூட்டை கட்டி வைக்கலாம். மிளகைக் காயவைத்து வைக்கலாம். இந்தத் திராட்சைக்கு அவகாசம் கிடையாது. அவகாசம் வேண்டுமானால் அதைச் சாறாக்க வேண்டும், உலர்த்த வேண்டும், அல்லது ஒயினாக்க வேண்டும். உலர்திராட்சைக்கு விதையில்லாத ரகம்தான் ஏற்றது. சாறுக்குக் குளிர்சாதனமும் பெரிய முதலீடும் வேண்டும். ஒரு கிலோ திராட்சையிலிருந்து ஏறத்தாழ 600 முதல் 700 மில்லி வரை ஒயின் எடுக்கலாம். அது மாதக்கணக்கில், வருடக்கணக்கில் இருக்கும். உலகத்தில் திராட்சை விளையும் ஊர்களில் எல்லாம் விவசாயி கண்டுபிடித்த சேமிப்புக் கிடங்கு அதுதான்.

"அதெல்லாம் குளிர் நாட்டுச் சமாச்சாரம், நம் வெயிலுக்கு ஆகாது" என்று பெரிய மாப்பிள்ளை எழுதியிருந்தார். பாதி சரி. முழுதும் பார்ப்போம்.

குளிர்ந்த இடத்தில் திராட்சை மெதுவாகப் பழுக்கும். சர்க்கரை ஏறுகிறபோது புளிப்பும் தங்கும்; வாசமும் நிற்கும். மார்னிங்டனில் இரண்டு பக்கமும் கடல் விரிகுடா. அந்தக் காற்றுதான் அங்கே வேலை செய்கிறது. குளிர்காலத்தில் கொடி இலையை உதிர்த்துத் தூங்கும். வருடத்துக்கு ஒரே அறுவடை. நம் கம்பம் பள்ளத்தாக்கு கடல்மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர்தான். அங்கே கொடி தூங்குவதே இல்லை. கவாத்து செய்தால் துளிர்க்கும். ஒரு தோட்டத்தில் இந்த மாதம், அடுத்த தோட்டத்தில் அடுத்த மாதம் என்று வருடம் முழுக்கப் பழம் வந்துகொண்டே இருக்கும். வெயிலில் புளிப்பு சீக்கிரம் குறையும். விலைக்குப் பயந்து முன்கூட்டியே பறித்தால் சர்க்கரை போதாது. பன்னீர் முதலில் சாப்பிடுகிற பழம். உலகத்தரச் சிவப்பு ஒயின் அதில் வரும் என்று யாராவது சொன்னால் ஏமாற்றுகிறார்கள்.

ஆனால் குளிர் என்பது அட்சரேகையில் மட்டும் இல்லை. உயரத்திலும் மாதத்திலும் இருக்கிறது. நாசிக்கில் என்ன செய்கிறார்கள்? மழை முடியும் தறுவாயில் கவாத்து செய்து, குளிர்காலம் முழுக்கப் பழுக்க விட்டு, ஜனவரி முதல் மார்ச்சுக்குள் பறிக்கிறார்கள். ஐரோப்பாவில் கோடையில் பழுக்கும் பழத்தை இவர்கள் குளிர்காலத்தில் பழுக்க வைக்கிறார்கள். பெங்களூருக்குப் பக்கத்தில் நந்தி மலையடிவாரத்திலும் பல வருடங்களாக ஒயின் எடுக்கிறார்கள். நம்மிடம் கம்பத்துக்கு மேலேயே மேகமலை இருக்கிறது, இந்தப் பக்கம் கொடைக்கானல் சரிவு இருக்கிறது. எல்லாச் சரிவிலும் ஆகாது. மழை அதிகமுள்ள இடத்தில் பூஞ்சை கொடியைத் தின்றுவிடும். காட்டை அழித்துத் தோட்டம் போடவும் கூடாது. ஏற்கெனவே விவசாயம் நடக்கும் எந்த நிலத்தில், எந்த ரகம், எந்த மாதத்தில் என்று சோதித்துச் சொல்ல வேண்டும். அதற்காகத்தானே ஆனைமலையன்பட்டியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது? நிலையம் இருக்கிறது, படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள், கொடி இருக்கிறது. வழிதான் இல்லை.

ஏன் இல்லை என்றால், நம் மாநிலத்துக்குப் பெரிய ஆலை மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். தேனிப் பக்கம் ஒயின் ஆலையும் வந்திருக்கிறது. ஆனால் இரண்டு ஏக்கர்காரன் தன் வீட்டுப் பழத்தில் 1,000 லிட்டர் செய்து, தன் தோட்டத்தில் வைத்து விற்க இடமே கிடையாது. உரிமக் கட்டணம், கட்டடம், கிடங்கு, அதிகாரி என்று எல்லாமே கோடிக்காரர்களின் அளவுக்குத் தைத்த சட்டை. அதைச் சின்னவன் மாட்டினால் தரையில் இழுபடும். என் மாணவனின் மகன் விவரம் கேட்கப் போன ஓர் அலுவலகத்தில், "இந்த வயசுல இந்த ஆசை எதுக்குத் தம்பி?" என்று சிரித்து அனுப்பிவிட்டார்களாம். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவில்லை.

மற்ற மாநிலங்களைப் பாருங்கள். மகாராஷ்டிரம் 2001இலேயே திராட்சை பதப்படுத்தும் தொழிலுக்குக் கொள்கை கொண்டுவந்தது. கர்நாடகம் 2007இல் கொண்டுவந்தது. ஒயினுக்கென்று தனி வாரியமே வைத்தது. கேரளம் 2022இல் பழங்களிலிருந்து சிறிய அளவில் ஒயின் செய்ய விதிகள் வகுத்தது. நம் கம்பத்துக்காரன் குமுளி மலையேறி இறங்கினால் சட்டம் மாறிவிடுகிறது.

அங்கெல்லாம் எல்லாமே தேனாறு பாலாறு என்று நான் சொல்லவில்லை. 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு மகாராஷ்டிரத்தில் ஒயின் ஆலைகள் தள்ளாடின. ஒப்பந்தத்தை நம்பி ஒயின் திராட்சை போட்டவர்கள் பணம் வராமல் திண்டாடினார்கள். கொடியைப் பிடுங்கிப் போட்டவர்களும் உண்டு. அதனால்தான் குடும்பத் தோட்டம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஆலைக்குப் பழம் விற்கிறவனாகவே விவசாயியை வைத்திருந்தால், வியாபாரி போய் ஆலைக்காரர் வருவார். விலை சொல்கிறவர் மாறுவார், கேட்கிறவன் அவனேதான்.

இனி உங்கள் ஆட்சேபங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"இது நம் பண்பாடு இல்லை." புறநானூற்றின் 56ஆம் பாட்டில் யவனர் கொண்டுவந்த மதுவைப் பற்றிய பேச்சு வருகிறது. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது ரோமானிய மதுச் சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. பழமையானது என்பதால் ஒன்று நல்லதாகிவிடாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இல்லாத பண்பாட்டைக் காட்டி ஏழை விவசாயியை மிரட்டாதீர்கள். பெரம்பூரில் கிறிஸ்துமஸுக்கு ஆங்கிலோ-இந்தியர் வீட்டில் திராட்சை ஒயின் வாங்கிக் குடித்துவிட்டு வந்து எனக்கே வர்ணித்தவர்கள் இந்தக் குழுவில் இருக்கிறீர்கள். பெயர் சொல்லவில்லை.

"கள்ளச்சாராயம் பெருகும்." 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் செத்தார்கள். நெஞ்சு பதறுகிறது. அவர்களைக் கொன்றது மெத்தனால். தொழிற்சாலைக்குப் போக வேண்டிய விஷத்தைக் கலந்து விற்றார்கள். திராட்சையைப் புளிக்க வைத்தால் அப்படிப்பட்ட அளவு மெத்தனால் உருவாகாது. வேதியியல் ஆசிரியராக இருக்கும் என் மாணவிகள் இதை விளக்கிக் கீழே எழுதட்டும். உரிமம், பரிசோதனை, முகவரி மூன்றும் உள்ள தோட்டத்தைவிட, மறைந்து விற்கிறவன்தான் ஆபத்து.

"ஏற்கெனவே குடிக்கிறார்கள், இன்னும் ஒன்றா?" நியாயமான கேள்வி இது ஒன்றுதான். கணக்குப் போட்டுப் பார்ப்போம். கடையில் விற்கும் பிராந்தியில் ஆல்கஹால் 42.8 சதவீதம். 180 மில்லி குவார்ட்டரில் ஏறத்தாழ 77 மில்லி. ஒயினில் 12 சதவீதம் என்று வையுங்கள். அதே 77 மில்லி வர 640 மில்லி ஒயின் வேண்டும். குடல் எரியக் குடிக்கிறவன் ஒயினைத் தேடிப் போகமாட்டான், விலையும் கட்டாது. அதற்காக ஒயின் பாவமில்லை என்று வாதாடவில்லை. கூடுதலாக ஒரு கடை திறக்காதீர்கள் என்றுதான் நானும் சொல்கிறேன். 2016இல் 500 கடை, 2017இல் 500 கடை, 2023இல் 500 கடை என்று மூடினார்கள், வரவேற்றேன். இன்னும் மூடட்டும். மதுவிலக்குக்காகப் போராடி 2015இல் செல்போன் கோபுரத்தில் உயிரை விட்ட சசிபெருமாளை நான் மறக்கவில்லை.

"அரசியல் சாசனத்தின் 47ஆவது பிரிவு மதுவிலக்கைத்தானே சொல்கிறது?" சொல்கிறது. அதைக் காட்டி எல்லாக் கடையையும் மூடுங்கள். கோடம்பாக்கம் மேம்பாலத்தில் கொடி பிடித்து முதல் ஆளாக நிற்பேன். அப்போது கம்பத்தில் ஒரு சொட்டு ஒயின்கூட வேண்டாம், என் மாணவனிடமும் நானே சொல்கிறேன். ஆனால் 47ஆவது பிரிவு மொலாசஸ் ஆலைக்குத் தூங்கவும், திராட்சைத் தோட்டத்துக்கு மட்டும் விழிக்கவும் கூடாது. 1987 முதல் கள்ளுக்கும் இதே கதைதான். பனையேறி குற்றவாளி, பாட்டில் கம்பெனி வரி கட்டும் பெரிய மனிதர். இரண்டிலும் அடிபடுவது மண்ணில் வேலை செய்கிறவன்.

நான் கேட்பது அதிகமில்லை. எண்ணிப் பாருங்கள்.

1. சொந்த நிலத்தில் விளைந்த பழத்தில் மட்டும், ஆண்டுக்கு இத்தனை லிட்டர் என்ற உச்சவரம்போடு, சிறு விவசாயிக்கு ஒரு தனி உரிமம். கட்டணம் அவன் தாங்குகிற அளவில்.

2. ஒவ்வொரு தொகுதியையும் ஆராய்ச்சி நிலையமோ பல்கலைக்கழகமோ பரிசோதித்துச் சான்று தரட்டும். தேறாததைக் கீழே ஊற்றட்டும்.

3. விற்பனை தோட்டத்திலும் விவசாயிகள் கூட்டுறவிலும் மட்டும். பள்ளிக்கூடம், கோயில் பக்கம் கிடையாது. விளம்பரம் கிடையாது. 21 வயது ஆகாதவருக்குக் கிடையாது.

4. ஒயின் வேண்டாம் என்கிற விவசாயிக்குச் சாறு, குளிர்பதனக் கிடங்கு இரண்டுக்கும் அதே அளவு உதவி.

5. வெளியிலிருந்து வரும் பெருமுதலாளிக்கு இந்த உரிமம் மாற்றிக் கொடுக்க முடியாதபடி ஒரு பூட்டு.

இதில் எந்த வரி குடியை வளர்க்கிறது? சுட்டிக்காட்டுங்கள், திருத்திக்கொள்ளலாம். கேலிக்கு நான் பதில் சொல்லமாட்டேன்.

என் மாணவர்களில் வேளாண் துறையில் இருக்கிறீர்கள், தலைமைச் செயலகத்தில் இருக்கிறீர்கள், பத்திரிகையில் இருக்கிறீர்கள், இரண்டு பேர் வழக்கறிஞர்கள். சட்டமன்றத்தில் மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறையின் மானியக் கோரிக்கை வருடாவருடம் வருகிறது. அடுத்த முறை வருவதற்கு முன்னால், கம்பம் சட்டமன்ற உறுப்பினரிடம் ஒரு கேள்வியாவது போய்ச் சேர வேண்டும்: சிறு திராட்சை விவசாயிக்குத் தனி உரிமம் ஏன் இல்லை? மனுவை நான் எழுதிவிட்டேன். ஒன்றரைப் பக்கம். பிழை திருத்திக் கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள், அனுப்புகிறேன்.

உறவினர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தத் தம்பியை "சாராயம்" என்று சொன்னவர்கள், அவன் எழுதிய இடத்திலேயே போய் இரண்டு வரி மரியாதையாக எழுதுங்கள். உங்கள் வீட்டுத் தட்டில் இருக்கும் பழத்துக்குப் பின்னால் அவன் குடும்பம் நிற்கிறது.

உங்கள் டீச்சர்,
கோடம்பாக்கம்